ஐம்பது நாள்களும் திருமறையும்: உரோமத் திருச்சபை மீட்டெடுத்த உயிர்த்தெழுதற் காலம்

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் அமர்ந்து சிலுவையின் ஏழு வார்த்தைகளைக் கேட்கும் நம் சபையார், உயிர்த்தெழுதல் நாளின் அதிகாலை ஆராதனைக்கும் திரளாய் வருகின்றனர். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையோ பாதி இருக்கைகள் வெறுமையாயிருக்கும். லெந்து நாற்பது நாள்களுக்குத் தியானங்களை அச்சிட்டு வழங்கும் நாம், உயிர்த்தெழுதலைத் தொடரும் ஐம்பது நாள்களுக்கென எதையும் ஆயத்தம் செய்வதில்லை. (அந்த மூன்று மணி நேர ஆராதனையும், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரு நாட்டு லீமா நகரில் அலோன்சோ மெசியா என்ற இயேசு சபைக் குரு ஏற்படுத்திய பக்திமுயற்சியிலிருந்து நம்மிடம் வந்ததே. இதை அறிந்தோர் நம்மில் சிலரே.) ஆகவே, இந்த ஐம்பது நாள்களை உரோமத் திருச்சபை எவ்வாறு இழந்து, எவ்வாறு மீட்டெடுத்தது என்பதை ஆராய்வது நமக்குப் புறம்பான காரியமன்று.

நான்காம் நூற்றாண்டின் எருசலேமிலிருந்து தொடங்குவோம். அந்நூற்றாண்டின் இறுதியில் மேற்குத் திசையிலிருந்து யாத்திரை வந்த எகேரியா என்னும் பெண்மணி, தான் கண்டவற்றைத் தன் நாட்டுச் சகோதரிகளுக்கு எழுதினார். அந்நூலின் ஏட்டுப்பிரதி 1884இல் இத்தாலியின் அரெத்சோ நகரில் கண்டெடுக்கப்பட்டது. பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றவர்கள் தொடர்ந்து எட்டு நாள்கள் உயிர்த்தெழுதல் ஆலயத்தில் கூடுவர், கதவுகள் அடைக்கப்படும், தாங்கள் பெற்ற திருமுழுக்கு, அபிஷேகம், திருவிருந்து ஆகியவற்றின் பொருளைப் பேராயர் அவர்களுக்கு விளக்குவார். கேட்போர் எழுப்பும் ஆரவாரம் ஆலயத்திற்கு வெளியிலும் கேட்டது என்கிறார் எகேரியா. பேராயர் கிரேக்கத்தில் மட்டுமே பேச, ஒரு மூப்பர் அதைச் சீரிய மொழியில் பெயர்த்துச் சொல்வார் என்றும், லத்தீன் மட்டும் அறிந்தோருக்கு இருமொழி வல்ல சகோதரர் விளக்குவர் என்றும் அவர் குறித்துள்ளார். மக்களின் மொழி அன்று ஒரு சலுகையாக அன்று, அவசியமாகவே கருதப்பட்டது.

அவ்வகை உரைகளுள் ஐந்து, எருசலேம் பேராயர் சிரிலின் பெயரால் நம்மை எட்டியுள்ளன. அவருக்குப் பின்வந்த யோவானே அவற்றின் ஆசிரியர் எனக் கருதும் அறிஞரும் உளர். ஒவ்வோர் உரையும் ஒரு திருமறைப் பாடத்தின்மேல் கட்டப்பட்டுள்ளது: இரண்டாம் உரைக்கு ரோமர் 6, மூன்றாம் உரைக்கு 1 யோவான் 2, நான்காம் உரைக்கு 1 கொரிந்தியர் 11. முதலில் பெற்றுக்கொள், பிறகு திருமறையின் ஒளியில் பெற்றதை உணர்ந்துகொள் என்பதே அம்முறை. போதித்து முடித்துத் திருமுழுக்குக் கொடுத்து, அத்துடன் போதனையையும் முடித்துவிடும் நமது முறைக்கு இது நேர்மாறானது. எமது ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், உயிர்த்தெழுதல் நாளன்று வயதுவந்தோர் சிலருக்குத் திருமுழுக்குக் கொடுத்தோம். ஆயத்த வகுப்புகளை மாதக்கணக்கில் நடத்திய நாம், அதன்பின் ஒரு வகுப்பும் நடத்தவில்லை. பெந்தெகொஸ்தே வருமுன் அவர்களுள் இருவர் ஆலயத்திற்கு வருவதையே விட்டுவிட்டனர். சிரிலின் உரைகளை இறையியற் கல்லூரியில் படித்திருந்தும் அப்போது அவை எம் நினைவுக்கு வரவில்லை.

ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் அகுஸ்தீன் செய்ததும் இத்தகையதே. 407ஆம் ஆண்டையொட்டி யோவான் சுவிசேஷத்தை வரிசையாக விளக்கிவந்த அவர், பாஸ்கா வாரத்திற்கெனக் குறிக்கப்பட்ட பாடங்களை மாற்றலாகாது என்பதால் அவ்வரிசையை நிறுத்தி, யோவானின் முதலாம் நிருபத்தை எடுத்துக்கொண்டார். அதன்மேல் பத்து அருளுரைகள் கிடைத்துள்ளன. எட்டாம் நாளில், வெள்ளாடை களைந்து சபையாரோடு கலக்கப்போகும் புது விசுவாசிகளிடம், பழைய கிறிஸ்தவர்களுள் எவரைப் பின்பற்றலாம், எவரைப் பின்பற்றலாகாது என எச்சரித்தார். தம் சபையை அறிந்த மேய்ப்பரின் எச்சரிக்கை அது.

இந்த ஒழுங்கு பின்னர்ச் சிதைந்தது. குழந்தைத் திருமுழுக்கு பொதுவழக்கானபின் எட்டு நாள் போதனையைக் கேட்க எவருமில்லை. இரவு முழுதும் நிகழ்ந்த விழிப்பு ஆராதனையும் இடைக்காலத்தில் படிப்படியாகப் பகலுக்கு நகர்ந்து, இறுதியில் சனிக்கிழமைக் காலைக்கே வந்துவிட்டது. 1642இல் எட்டாம் உர்பான் பாப்பரசர் பரிசுத்த வாரத்தின் அந்நாள்களைக் கட்டாயத் திருநாள் பட்டியலிலிருந்து நீக்கியதால், உழைக்கும் மக்கள் அதற்கு வரவும் இயலாதுபோயிற்று. ‘இதுவே அந்த இரவு’ எனத் திரும்பத் திரும்ப அறிவிக்கும் பாஸ்காப் புகழுரை, வெயில் ஏறிய காலையில், ஏறத்தாழ ஆளில்லாத ஆலயங்களில் பாடப்பட்டது. பழைய ஏற்பாட்டின் பன்னிரண்டு பாடங்கள் லத்தீனில் வாசிக்கப்பட்டன. பெரும்பாலார்க்கு அவை விளங்கவில்லை. முந்நூறு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

1951 பிப்ரவரியில் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் சோதனை முறையாக விழிப்பு ஆராதனையை இரவுக்கே திருப்பினார். 1955இன் ஆணை, அடுத்த ஆண்டு முதல் அதை நிலையாக்கியது. அவ்விரவில் திருமுழுக்கு வாக்குறுதிகளைச் சபையார் தம் தாய்மொழியில் புதுப்பிக்கலாம் என்ற அனுமதியே இச்சீர்திருத்தத்தில் மிக முக்கியமானது என்பது எமது எண்ணம். வத்திக்கான் சங்கத்திற்குப் பல ஆண்டுகள் முன்னரே, ஆண்டின் தலையாய இரவில் மக்கள் தம் சொந்த மொழியில் விசுவாசத்தை அறிக்கையிடலாயினர்.

1963 டிசம்பரில் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம், திருமறையின் செல்வங்களை மக்களுக்குத் தாராளமாகத் திறக்கவேண்டும் என்று பணித்தது. அதன் கனியே 1969இன் மூன்றாண்டுப் பாட ஒழுங்கு. விழிப்பு ஆராதனைக்குப் பழைய ஏற்பாட்டுப் பாடங்கள் ஏழு வகுக்கப்பட்டன. உயிர்த்தெழுதலுக்குப் பின்வரும் ஞாயிறுகள் ‘உயிர்த்தெழுதற் கால ஞாயிறுகள்’ எனப் பெயர் பெற்றன. ஐம்பது நாள்களும் ஒரே பெருநாளாக எண்ணப்பட்டன. அந்த ஞாயிறுகளில் முதற்பாடம் அப்போஸ்தலருடைய நடபடிகளிலிருந்து வாசிக்கப்படுகிறது. இது அகுஸ்தீன் காலத்து வழக்கமே. இரண்டாம் பாடம் ஆண்டுக்கொன்றாக 1 பேதுரு, 1 யோவான், வெளிப்படுத்தல். சுவிசேஷம் பெரும்பாலும் யோவான். 1972இல் வெளியான வயதுவந்தோர் புகுமுக ஒழுங்கு, திருமுழுக்கிற்குப் பிந்திய போதனைக் காலத்தை இந்த ஐம்பது நாள்களிலேயே மீண்டும் வைத்தது. 1983இலும் 1992இலும் வெளியான புராட்டஸ்டாண்டுப் பொதுப் பாட ஒழுங்குகள் இரண்டும் அந்த 1969இன் அமைப்பைத் தழுவியவை.

எனினும் ஒரு கேள்வியை நாம் எழுப்பவேண்டியுள்ளது. நடபடிகள் முதலிடம் பெற்றதால், இந்த ஞாயிறுகளில் பழைய ஏற்பாட்டுப் பாடம் இல்லாமற்போயிற்று. சங்கீதம் ஒன்றே எஞ்சியது. முதலாம் ஆண்டின் மூன்றாம் ஞாயிற்றில் எம்மாவு நிகழ்ச்சி வாசிக்கப்படுகிறது. மோசே முதலிய சகல தீர்க்கதரிசிகளிலிருந்தும் ஆண்டவர் விளக்கிக் காட்டியதாக அதிற் கேட்கிறோம். ஆனால் அன்று மோசேயின் நூலும் வாசிக்கப்படுவதில்லை, தீர்க்கதரிசிகளின் நூலும் வாசிக்கப்படுவதில்லை. அன்றைய முதற்பாடம் பெந்தெகொஸ்தே நாளிற் பேதுரு ஆற்றிய பிரசங்கம். அதனுள்ளே 16ஆம் சங்கீதம் மேற்கோளாக நிற்கிறது; அதே சங்கீதம் மறுமொழியாகவும் பாடப்படுகிறது. அந்த ஞாயிற்றில் பிரசங்கிப்போர் அச்சங்கீதத்தையே எடுத்து விளக்க இடமுண்டு.