தோட்டப் பாடசாலையும் அதிபர் எதிர்ப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

ஓர் எதிர்ப்புக் குரல் எப்பொழுது எழுந்தது என்பதைப் போலவே, அதற்கு முன்னர் ஏன் எழவில்லை என்பதும் வரலாற்று மாணவனின் வினாவாதல் வேண்டும். 2021 ஜூலை 12ஆம் திகதி இலங்கையின் அதிபர்களும் ஆசிரியர்களும் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகினர். கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகச் சட்டமூலம் கல்வியை இராணுவமயமாக்கி விலைப்பொருளுமாக்கும் என எதிர்த்த தொழிற்சங்கத்தினர், ஜூலை 8ஆம் திகதி கைதுசெய்யப்பட்டுப் பின் பலவந்தமாகத் தனிமைப்படுத்தப்பட்டமை உடனடிக் காரணமாயிற்று. 1997 முதல் தொடர்ந்த சம்பள முரண்பாட்டை நீக்கும் கோரிக்கை போராட்டத்தை நீடிக்கச் செய்தது. ஹற்றன், நுவரெலியாப் பகுதி ஆசிரிய சமூகமும் இதிற் பங்குகொண்டது. மலையகத்தைப் பொறுத்தவரை இப்பங்கேற்புத் தனித்து நோக்கற்பாலது.

தோட்டப் பாடசாலை துரையின் அதிகாரத்துட் பிறந்தது. 1907, 1920ஆம் ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் தொழிலாளர் பிள்ளைகளின் கல்விப் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடமே ஒப்படைத்தன. சிறுவரின் உழைப்பையும் வேண்டி நின்ற பெருந்தோட்டப் பொருளாதாரம், எழுத்தறிவுக்கு மேற்பட்ட கல்வியை அவர்க்கு வேண்டவில்லை. ஆசிரியரின் நியமனமும் சம்பளமும் துரையின் கையிலிருந்தன. அந்நிலையில் அவர் கல்விக் கொள்கையொன்றை எதிர்ப்பது எங்ஙனம்?

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயன் லயங்களை உரியவாறு எட்டவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கியது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. காணிச் சீர்திருத்தங்களின் பின், 1977 முதற்கொண்டே அவை அரசுடைமையாகத் தொடங்கின. அதன் வழியே தோட்டத்து ஆசிரியர் அரசாங்க ஊழியரானார்; சேவைப் பிரமாணமும் தொழிற்சங்க உரிமையும் அவர்க்குரியவாயின. லயத்திற் பிறந்தவர்கள் ஆசிரியராகவும் அதிபராகவும் உயர்ந்தனர். துரையின் தயவில் வாழ்ந்தவருக்கு இயலாதிருந்த எதிர்ப்பு, இவ்வுரிமைகளைப் பெற்றவருக்கு இயல்வதாயிற்று.

ஆயின் இவ்வெழுச்சியின் உள்முரணையும் மறைத்தலாகாது. தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது 2021 மார்ச்சிலேயே. அவ்வருவாயிற் கைத்தொலைபேசியும் தரவுக் கட்டணமும் தேடவேண்டிய பெற்றோருக்கு, இணையவழிக் கல்வி இலவசக் கல்வியாகாது. அலைவரிசை தேடி மலையுச்சி ஏறிய பிள்ளைகள் அக்கொள்கையின் வர்க்கச் சார்பைக் காட்டினர். அதிபர்கள் விலகியது இக்கல்வியிலிருந்தே. எனினும் அதன் ஏற்றத்தாழ்வு அவர்தம் முதன்மைக் கோரிக்கையாகவில்லை.

அக்டோபர் 25ஆம் திகதி அவர்கள் பணிக்குத் திரும்பினர். முரண்பாட்டைத் தீர்க்க 2022ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் 3,000 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. எஞ்சிய சம்பள உயர்வைக் கோரி 2024 ஜூனிலும் அவர்கள் வீதிக்கு இறங்கினர். சம்பளக் கோரிக்கை நியாயமானதே. ஆனால் மலையக அதிபரைப் போராடும் தகுதிக்கு உயர்த்தியது லயத்து மக்களின் நெடுங்காலப் போராட்டமாகும். அம்மக்களின் பிள்ளைகளுக்குச் சமகல்வி என்னும் கோரிக்கை சம்பளக் கோரிக்கையோடு ஒருங்கு வைக்கப்படும்போதே, கொழுந்துக் கூடை சுமக்கும் தாய் அப்போராட்டத்தைத் தனதாகக் கொள்வாள்.