நெடுந்தீவின் பழஞ்சின்னங்களும் பொதுமக்களும்

குறிகட்டுவான் துறையிலிருந்து கடல்வழி ஒருமணி நேரம் சென்றால் எய்தும் நெடுந்தீவிலே, வேலி என்பது பெரும்பாலும் கிடுகுமன்று, கம்பியுமன்று. சாந்தின்றி அடுக்கிய முருகைக்கல் மதிலேயாம். சிதைந்து நிற்கும் கோட்டையும், வெடியரசன் கோட்டை என வழங்கும் இடத்துப் பௌத்த தூபிகளின் வட்ட அடித்தளங்களும் அதே கல்லால் ஆனவையே. தன் வீட்டு மதிலும் அத்தூபியும் ஒரே கல் என்று அறிந்த சிறுவனிலும் சிறந்த காவலன் வேறு யார்?

இங்கே 1,846 ஹெக்டேர் நிலத்தை 2015ஆம் ஆண்டில் அரசு தேசியப் பூங்கா ஆக்கிற்று. கட்டின்றித் திரியும் மட்டக்குதிரைகளைக் காப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. நல்லதே. ஆனால் குதிரையைக் கண்டு படம்பிடித்துத் திரும்புவோருக்கு அதன் வரலாற்றைச் சொல்வார் யார்? ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கில அரசின் அதிகாரி அத்தொழிலை நடத்தினார். அதற்கும் நெடுங்காலம் முன்பே இக்கடலிற் குதிரை வாணிகம் இருந்தது. அயலிலுள்ள நயினாதீவில், முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இதற்குச் சான்று. யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கு, முக்கூறு உடையவனுக்கு; வாணிகச் சரக்காயின் பாதிக்குப் பாதி. எத்துணைத் தெளிவான சட்டம்!

தொல்பொருள்களைச் சேதப்படுத்துவோரைத் தண்டிக்க 1940ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் உண்டு. சட்டம் அச்சுறுத்தும், விளக்கஞ் சொல்லாது. தமிழகத்திலே, வைகைக் கரைக் கீழடியில் நடந்ததை நோக்குக. அகழ்வு நடக்கும்போதே மக்கள் திரள் திரளாய் வந்து குழிகளைப் பார்த்தனர். அவ்வூராரே கூலிக்கு நின்று தோண்டினர். கிடைத்த பொருள்களை 2023 முதல் அவ்வூரிலேயே அரசு அருங்காட்சியகத்திற் காணலாம்.

வெடியரசன் கோட்டையில் இது சற்றுச் சிக்கலான காரியம். கண்ணகியின் சிலம்புக்கு மணிதேடி வந்த மீகாமனோடு பொருத வெடியரசனின் கதை தீவாரின் நெஞ்சில் உள்ளது. நிலத்திலோ தூபிகள் உள்ளன. பலகையில் ஒன்றை எழுதி மற்றதை விட்டால் ஊராரோ வருவோரோ ஐயுறுவர். பௌத்தம் என்றாலே பிறருடையது என நம்மவர் ஒதுங்குவதும் பொருந்தாது. மணிமேகலை தமிழ்க் காப்பியமன்றோ! அதன் மணிபல்லவம் நயினாதீவே என்பாரும் பலர். ஆகவே இரண்டையும் மும்மொழியிலும் எழுதுக. வழிகாட்டியாகத் தீவின் இளைஞரையே பயிற்றி அமர்த்துக. இறங்குதுறையருகே ஒரு சிறு காட்சிக்கூடம் அமைக்குக என்று தொல்பொருள் திணைக்களத்தை நாம் கேட்க விரும்புகின்றோம்.