மலைக் காப்பியும் தனிக் குவளையும்

பண்ணைக்காட்டிலிருந்து தாண்டிக்குடி போகும் வழியில் ஒரு பெட்டிக்கடை. வாசலில் சரம் சரமாகப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன: காப்பித்தூள், ஷாம்பூ, முகத்துக்குப் பூசும் கிரீம். காலையில் காப்பிப் பழம் பறிக்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அக்கா, காப்பித்தூள் பாக்கெட் ஒன்றும் பன் இரண்டும் வாங்கினார். கடைக்கு எதிரே சரிவு முழுக்கக் காப்பிச் செடி. "உங்க தோட்டத்துக் காப்பியைக் குடிக்க மாட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். "அது நம்ம தோட்டமா தம்பி?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அந்தச் சிரிப்புக்குள் ஏறத்தாழ இருநூறு வருட வரலாறு இருக்கிறது. காப்பியின் வரலாறு என்றதும் நமக்குக் கும்பகோணம் டிகிரி காப்பி, பித்தளை டவரா, அக்கிரகாரத்துத் திண்ணை என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குடித்தவர்களின் வரலாறு அது. பறித்தவர்களின் வரலாற்றை நாம்தான் எழுத வேண்டும்.

கொடைக்கானலிலிருந்தே தொடங்குவோம். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். அப்போது சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து செண்பகனூர் வரை செங்குத்தான ஒற்றையடிப் பாதை. துரைகளையும் துரைசானிகளையும் நாற்காலியில் உட்காரவைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் கூலிகள். அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்று பெயர். பாதைக்குப் பெயர் தந்த அந்த மனிதர்களின் பெயர்களைக் கொடைக்கானலின் கதையில் யாரும் சொல்வதில்லை.

அதற்கு முன்பும் மலை ஆளில்லாமல் கிடக்கவில்லை. பளியர்கள் இருந்தார்கள், புலையர்கள் இருந்தார்கள். 1868-ல் நெல்சன் எழுதிய மதுரை மாவட்ட நூல் உள்ளிட்ட ஆங்கிலேயர் காலப் பதிவுகள், புலையர்களை மலை நிலவுடைமையாளர்களின் பண்ணை அடிமைகள் என்றே குறிப்பிடுகின்றன. அடிமை முறையைச் சட்டம் இனி ஏற்காது என்று 1843-லேயே அறிவித்தாகிவிட்டது. ஆனால் காகிதத்தில் அடிமை முறையை ஒழித்தவர்கள் நிலத்தைப் பிரித்துக் கொடுக்கவில்லை. கீழ்ப்பழனி மலையில் காப்பித் தோட்டம் பெருகியபோது நிலம் ஒரு பக்கம் இருந்தது, உழைக்கும் கை மறுபக்கம் இருந்தது.

அதே காலத்தில் மலைக்குக் கீழே இன்னொரு பயணம் நடந்துகொண்டிருந்தது. 1830-களிலிருந்து இலங்கையின் கண்டிச் சீமையில் வெள்ளைக்காரர்கள் காடழித்துக் காப்பி போட்டார்கள். மதுரை, திருச்சி, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் பண்ணையடிமைத்தனத்தாலும் துரத்தப்பட்ட மக்கள் கடல் கடந்தார்கள். மிகப் பலர் பள்ளர், பறையர், சக்கிலியர். கங்காணி கொடுத்த முன்பணம் கால் விலங்கானது. மன்னாரில் இறங்கி மாத்தளைக்கு நடந்த காட்டுப் பாதையில் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை.

1869-ல் காப்பி இலையில் துரு நோய் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் அழிந்தது. முதலாளிகள் தேயிலைக்கு மாறிக்கொண்டார்கள். அதே லயத்தில், அதே கடனோடு, மக்கள் தேயிலை பறித்தார்கள். 1964-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தார்கள். திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் எங்கே வந்து சேர்ந்தார்கள் தெரியுமா? இதே கொடைக்கானல் மலைக்கு. வாட்டில் மரம் வெட்டிப் பட்டை உரிக்கும் வேலையில் அவர்களில் பலர் கொத்தடிமைகளாகக் கிடந்தது 1980-களில்தான் வெளியே வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டமோ 1976-லேயே வந்துவிட்டது.

இப்போது குவளைக்கு வருவோம். மலையில் விளைந்த காப்பி 20-ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு ஊர்களில் காப்பி கிளப்பாக, ஓட்டலாக வந்தது. காசு கொடுத்தால் யாரும் குடிக்கலாம் என்பதுதான் கடையின் விதி. ஆனால் நம் ஊர்க் கடைகள் காசை வாங்கிக்கொண்டு சாதியையும் கேட்டன. நகரத்தில் 'பிராமணாள்' என்ற பெயர்ப் பலகை. கிராமத்தில் சேரி மக்களுக்குச் சிரட்டை, பிறகு தனிக் குவளை. குடித்துவிட்டு நாமே கழுவி வைக்க வேண்டும். உள்ளே பெஞ்சில் உட்காரக் கூடாது.

1950-ல் அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு கடையும் உணவகமும் எல்லோருக்கும் பொது என்றது. 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ன் சட்டம் ஒரு படி மேலே போய், உணவகத்தில் வைத்திருக்கும் பாத்திரங்களைப் பயன்படுத்துவதைச் சாதி சொல்லித் தடுப்பதே குற்றம் என்று எழுதியது. ஒரு டம்ளருக்காகச் சட்டம் போட வேண்டிய நாடு இது!

1957-ல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியாரின் தொண்டர்கள் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறை சென்றார்கள். கடைசியில் பலகை இறங்கியது. அதே 1957 செப்டம்பர் 11-ல், ராமநாதபுரம் சீமையில் தீண்டாமைக்கு எதிராக நிமிர்ந்து நின்ற தியாகி இம்மானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். நகரத்தில் பலகை இறங்கிய பிறகும் கிராமத்தில் குவளை தனியாகவே இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து, 2007-க்குப் பிறகும் தீண்டாமை ஒழிப்பு முன்னணித் தோழர்கள் ஊர் ஊராகப் போய் இரட்டைக் குவளைக் கடைகளைக் கணக்கெடுக்க வேண்டியிருந்தது. இன்று சில ஊர்களில் எல்லோருக்கும் காகிதக் கப் வந்துவிட்டது. சில ஊர்களில் நமக்கு மட்டும் காகிதக் கப். வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

தோட்டத்துக்கும் சட்டம் இருந்தது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் 150 பேர் வேலை செய்யும் தோட்டத்தில் கேன்டீன் வேண்டும் என்றது. வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் 1981 திருத்தத்துக்குப் பிறகும்கூட 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தோட்டமாக இருந்தது. கீழ்ப்பழனி மலையில் பெரும்பாலும் சிறு தோட்டங்கள். மிளகும் மலை வாழையும் ஊடே நிற்க, சில ஏக்கர் காப்பி. அங்கே பழம் பறிக்கும் அக்காவைச் சட்டம் தோட்டத் தொழிலாளியாகக் கணக்கில் எடுக்கவே இல்லை. சுமார் ஆறு கிலோ பழம் பறித்தால்தான் ஒரு கிலோ காப்பிக் கொட்டை தேறும். பழுத்ததை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால்தான் பறிக்க வேண்டும். அந்தக் கைக்குக் கேன்டீனும் இல்லை, காப்பியும் இல்லை.

பாக்கெட் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்றார். அந்த வழியில் காப்பித்தூளும் கிரீமும் கூலிக்காரர் கைக்கு எட்டின. அது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் 1975-ல் வந்த சிவப்பழகு கிரீம் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் 'உன் நிறம் ஒரு குறை' என்ற சேதியையும் சேர்த்தே விற்றது. தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுக்க அதற்கு 2020 ஆகிவிட்டது. பொருளின் விலை இறங்கியது, சாதி இறங்கவில்லை.

தம்பி தங்கைகளே, காப்பி குடிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. நானும் குடிப்பவன்தான். உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "முதன்முதலில் எந்தக் கடையில், எந்தக் குவளையில் காப்பி குடிச்சீங்க?" பதிலை அவர்கள் சொல்லும் பேச்சிலேயே எழுதி வையுங்கள். ஊர், கடை, வருடம், யார் ஊற்றினார்கள், யார் கழுவினார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்த முறை காப்பியின் வரலாறு எழுதப்படும்போது அந்த அக்காவின் சிரிப்பும் அதில் இருக்க வேண்டும்.

ஜெய் பீம்!