கான்பெராவில் ஒரு சிவப்பு நாற்காலி

கான்பெராவில் 1988-ல் திறக்கப்பட்ட ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் கட்டடத்தில் இரண்டு அவைகள். கீழவைக்குப் பச்சை, மேலவையான செனட்டுக்குச் சிவப்பு. இரண்டும் லண்டனிடம் இரவல் வாங்கிய நிறங்கள். ஆனாலும் பச்சையை யூகலிப்டஸ் இலைக்கும் சிவப்பைத் தங்கள் மண்ணுக்கும் நெருக்கமாக்கிக்கொண்டார்கள். இரண்டு அவைகளிலும் ஓரமாக ஒரு சின்ன அடைப்பு உண்டு. அமைச்சர்களின் ஆலோசகர்கள் அங்கே உட்காரலாம், கேட்கலாம், துண்டுச்சீட்டு எழுதி அமைச்சருக்கு அனுப்பலாம். வாய் மட்டும் திறக்கக் கூடாது. அந்த அடைப்புக்கும் உறுப்பினர் இருக்கைக்கும் நாலெட்டுத் தூரம்தான். ஆர்தர் சினோடினோஸ் என்ற ஆலோசகருக்கு அதைக் கடக்க ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. அவர் கடைசியில் போய் உட்கார்ந்த இடத்தின் கதை இது.

நாற்காலி என்று சொன்னாலும் மரமும் தோலுமான பொருளைச் சொல்லவில்லை. செனட்டில் 76 இடங்கள்: ஆறு மாநிலங்களுக்குத் தலா 12, இரண்டு பிரதேசங்களுக்குத் தலா 2. நியூ சவுத் வேல்ஸின் 12 இடங்களில் ஒன்றைத்தான் நாம் பின்தொடர்கிறோம். தேர்தல் வந்தால் இடங்களெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். எது யாருடையது என்ற அடையாளம் இருக்காது. தவணையின் நடுவில் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ மட்டும் அந்த ஒரு காலியிடம் தனியாகத் தெரியும். அப்போது இடைத்தேர்தல் கிடையாது. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவின்படி, மாநில நாடாளுமன்றம் ஒருவரைத் தேர்ந்து அனுப்பும்.

இந்த விதிக்கு ஒரு பழைய காயம் உண்டு. 1975-ல் தொழிற்கட்சிப் பிரதமர் கஃப் விட்லமுக்கு செனட்டில் பெரும்பான்மை இல்லை. அந்தக் கட்சியின் நியூ சவுத் வேல்ஸ் செனட்டர் லயனல் மர்ஃபி உயர் நீதிமன்ற நீதிபதியானார். அந்த இடத்துக்கு மாநில அரசு, மரபை மீறி, எந்தக் கட்சியையும் சேராத கிளீவர் பன்டனை அனுப்பியது. சில மாதங்களில் அதே கட்சியின் குயின்ஸ்லாந்து செனட்டர் பெர்ட்டி மில்லினர் இறந்தார். அங்கே முதல்வராயிருந்த ஜோ பியெல்கே-பீட்டர்சன், விட்லமைப் பிடிக்காத ஆல்பர்ட் ஃபீல்டு என்பவரை அனுப்பினார். செனட் வரவு செலவு மசோதாவை முடக்கியது. நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் ஜான் கெர் பிரதமரைப் பதவி நீக்கினார். 1977-ல் மக்கள் கருத்தெடுப்பு நடத்தி விதியைத் திருத்தினார்கள்: விலகியவர் எந்தக் கட்சிக்காக வென்றாரோ, அதே கட்சிக்காரர்தான் வர வேண்டும். நூற்றில் 73 பேர் சரி என்றார்கள். திருட்டுப்போன வீட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி யார் கைக்குப் போனது என்பதைப் பிறகு பார்ப்போம்.

நம் நாற்காலியில் 1996 முதல் இருந்தவர் லிபரல் கட்சியின் ஹெலன் கூனன். வழக்கறிஞர், பிரதமர் ஜான் ஹோவர்டு அமைச்சரவையில் தகவல் தொடர்புத் துறையைப் பார்த்தவர். மூன்று முறை மக்கள் வாக்கில் வந்தவர், மூன்றாவது தவணையின் பாதியில், 2011 ஆகஸ்டில் விலகினார். தவணை முடிய இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

அங்கே வந்து சேர்ந்தார் சினோடினோஸ். நிலக்கரிக்கும் எஃகுக்கும் பேர்போன நியூகாசிலில், கிரேக்கத்திலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1957-ல் பிறந்தவர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே பொருளாதாரம் படித்து, கான்பெராவில் கருவூலத் துறைக்கு வேலைக்குப் போனார். 1987-ல், அப்போது எதிர்க்கட்சித் தலைவராயிருந்த ஹோவர்டிடம் பொருளாதார ஆலோசகராகச் சேர்ந்தார். 1989-ல் ஹோவர்டைச் சொந்தக் கட்சியே தலைமையிலிருந்து இறக்கியது. ஆலோசகரும் கருவூலத்துக்குத் திரும்பினார். 1995-ல் ஹோவர்டு மீண்டும் தலைவரானதும் இவரும் திரும்பி வந்தார். 1997 முதல் 2006 வரை பிரதமர் அலுவலகத்தின் தலைவர் இவர்தான். 2000 ஜூலையில் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி வரி உட்பட அந்த அரசின் பெரிய முடிவுகள் எல்லாம் இவர் மேசையைக் கடந்துதான் போயின. 2006 கடைசியில் வெளியேறினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஹோவர்டு ஆட்சியையும் இழந்தார், பெனலாங் தொகுதியையும் இழந்தார். சினோடினோஸ் போனதுதான் காரணம் என்று பேசிக்கொண்டவர்கள் உண்டு. நல்ல ஆலோசகருக்கு இப்படித்தான் பெயர் கிடைக்கும்: இருக்கும்போது தெரியாது, இல்லாதபோது தெரியும்.

வங்கிகளில் சில ஆண்டுகள் போயின. லிபரல் கட்சியின் மாநிலப் பொருளாளர் பொறுப்பையும் பார்த்தார். கூனன் இடம் காலியானதும் கட்சி இவரைத் தேர்ந்தது. 2011 அக்டோபரில் சிட்னி மெக்குவாரி தெருவிலுள்ள மாநில நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி அதை நிறைவேற்றின. ஒரு வாக்காளரிடமும் கை கூப்பாமல் செனட்டரானார். இதைக் கொல்லைப்புற வாசல் என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். ஆனால் இதுதான் வாசல். சட்டம் வைத்த வாசல். ஆலோசகரைத் தெருவில் போகிறவருக்குத் தெரியாது, கட்சி அலுவலகத்தில் தெரியாதவர் கிடையாது. அவருடைய தொகுதியே கட்சிதான். அதனால்தான் இந்த வாசல் ஆலோசகர்களுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது. மத்தியாஸ் கோர்மன் மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து 2007-ல் வந்ததும் இதே வழிதான். அவரும் ஆலோசகராயிருந்தவர், பின்னால் நிதியமைச்சரானார்.

2013-ல் சினோடினோஸ் முதன்முதலாக மக்கள் முன்னால் போனார். அந்த ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் செனட் தேர்தலில் 110 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு ஒரு மீட்டருக்கும் அதிக அகலம். எழுத்து பொடியாகி, படிக்க உருப்பெருக்கித் தாள் கொடுக்க வேண்டியிருந்தது. 110 பேருக்கும் எண் போட யாருக்குப் பொறுமை இருக்கும்? பெரும்பாலோர் சீட்டின் கோட்டுக்கு மேலே ஒரு கட்சிக் கட்டத்தில் 1 என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கட்சிப் பட்டியலில் யார் முதலில், யார் நாலாவது என்பதைக் கட்சி முன்பே முடிவு செய்திருக்கும். சினோடினோஸ் வென்றார், துணைக் கருவூல அமைச்சருமானார்.

நாற்காலி அதன் வேலையைக் காட்டியது அப்போதுதான். செனட்டுக்கு வருமுன் அவர் தலைவராக இருந்த ஒரு தண்ணீர் நிறுவனத்தை மாநில ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்தது. 2014 மார்ச்சில் அமைச்சர் பதவியிலிருந்து ஒதுங்கி நின்றார். சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னார். அந்த ஆண்டு இறுதியில் ராஜினாமா செய்தார். அவர் ஊழல் செய்ததாக ஆணையம் முடிவு எதுவும் சொல்லவில்லை. ஆனால் எத்தனையோ அமைச்சர்களின் தலைவலிகளை ஓசைப்படாமல் தீர்த்துவைத்தவருக்கு, தன் தலைவலி நாடு முழுக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. அடைப்புக்குள் இருந்தவரை அந்த வெளிச்சம் அவர்மேல் விழுந்ததில்லை.

2015-ல் மால்கம் டர்ன்புல் பிரதமரானதும் அமைச்சரவைச் செயலாளராகத் திரும்பினார். 2017-ல் தொழில், அறிவியல் துறை அமைச்சரானார். அதே ஆண்டு புற்றுநோய் வந்தது. நீண்ட சிகிச்சை. பிழைத்து வந்தவர் 2019 நவம்பரில் செனட்டிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு வாஷிங்டனில் ஆஸ்திரேலியத் தூதர். ஆலோசனை சொல்வதும், பிறர் பெயரில் பேசுவதும் தூதரின் வேலை. சுற்றிச் சுற்றிப் பழைய தொழிலுக்கே வந்துவிட்டார் என்றும் சொல்லலாம்.

நாற்காலி மீண்டும் காலி. இந்த முறை வந்தவர் ஜிம் மோலன்: ஓய்வு பெற்ற மேஜர் ஜெனரல், ஈராக்கில் கூட்டுப்படை நடவடிக்கைகளுக்குத் தலைமை வகித்தவர். படகில் வரும் அகதிகளைக் கடலிலேயே திருப்பி அனுப்பும் கொள்கையை வகுத்தவர்களில் ஒருவர். அந்தக் கொள்கையின் கதையில் தமிழருக்கும் ஒரு பக்கம் உண்டு. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட படகில் இருந்த, பெரும்பாலும் ஈழத்தமிழரான 157 பேர், ஏறக்குறைய ஒரு மாதம் ஆஸ்திரேலியச் சுங்கக் கப்பலில் கடல் நடுவே அடைத்துவைக்கப்பட்டார்கள். பிறகு நவ்ரு தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி அடைத்துவைத்தது சட்டப்படி சரியே என்று உயர் நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

மோலன் வந்த விதம்தான் இந்தக் கதையின் முடிச்சு. அவர் முன்பே, வேறொரு செனட்டர் தகுதியிழந்ததால், 2017 கடைசியில் ஒருமுறை செனட்டுக்கு வந்தவர். 2019 மே தேர்தலில் கட்சி அவரைப் பட்டியலில் நாலாவது இடத்துக்குத் தள்ளியது; வெல்ல முடியாத இடம். அவருடைய ஆதரவாளர்கள் கோட்டுக்குக் கீழே இறங்கி அவர் பெயருக்கே 1 போடுங்கள் என்று பிரசாரம் செய்தார்கள். சுமார் 1,37,000 பேர் அப்படியே போட்டார்கள். தோற்றார். ஆறு மாதம் கழித்து, சினோடினோஸ் விட்டுப்போன இடத்துக்குக் கட்சிக்குள் சில நூறு பேர் கூடி அவரைத் தேர்ந்தார்கள். செனட்டரானார். ஒன்றே கால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களால் திறக்க முடியாத கதவை ஒரு கூட்ட அறை திறந்தது.

2022-ல் அவர் தேர்தலிலேயே வென்றார். 2023 ஜனவரியில் இறந்துபோனார். மே மாதம் மரியா கோவாசிக் வந்தார். குரோஷியாவிலிருந்து குடியேறியவர்களின் மகள். கட்சியின் மாநிலத் தலைவராயிருந்தவர். முந்தைய ஆண்டு பாராமட்டா தொகுதியில் கீழவைக்கு நின்று தோற்றவர்.

ஆலோசகர், தளபதி, கட்சித் தலைவி. 12 ஆண்டுகளில் மூன்று பேர். மூவரும் இந்த நாற்காலிக்கு நியமனத்தில்தான் வந்தார்கள். மூவரும் தகுதியற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சினோடினோஸ் அளவுக்கு அரசாங்கத்தின் உள்கட்டு தெரிந்தவர்கள் அந்த அவையில் சிலரே இருந்திருப்பார்கள். 1977-ன் பூட்டும் தன் வேலையைச் சரியாகவே செய்தது: ஒரு கட்சி வென்ற இடத்தை இன்னொரு கட்சி களவாட முடியவில்லை. ஆனால் சாவி வாக்காளரிடம் வரவில்லை, கட்சியிடம் போனது.

மோலன் 2022-ல் வென்ற அந்தத் தவணை 2028 ஜூன் 30-ல் முடிகிறது. அதற்கு முன் வரும் செனட் தேர்தலில்தான் நியூ சவுத் வேல்ஸ் மக்கள் இந்த நாற்காலியைப் பற்றி அடுத்த முறை வாய் திறக்கலாம்.