மேளச் சாதகமும் அயலவர் செவியும்



மேளம் என்னும் கருவி வீட்டுக்குள் வாசிப்பதற்கென்று பிறந்ததன்று. கோயில் வீதியிலும், கல்யாணப் பந்தலிலும், போர்க்களத்திலும் தொலைவில் நிற்பவனுக்கும் கேட்கவேண்டும் என்பதற்காகவே மனிதன் தோலை இழுத்துக் கட்டினான். அத்தகைய கருவியை, ஒரே கூரையின்கீழ் மூன்று குடித்தனங்கள் வாழும் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் என்ன நேரும்?

நான் இளம் ஆசிரியனாகக் கொழும்புக்கு மாற்றலாகி வந்த காலத்தில், வெள்ளவத்தையில் ஒரு பழைய வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். அறைகளைப் பிரித்த சுவர்கள் கூரையை எட்டாத அரைச்சுவர்கள். ஒரு பக்கத்து அறையில், இரவு வேலை முடித்துக் காலையில் வந்து உறங்கும் அச்சுக்கூடத் தொழிலாளி ஒருவர் இருந்தார். மறுபக்கத்தில், ஊரைவிட்டு வந்த ஒரு குடும்பம். அக்குடும்பத்துப் பையனுக்கு வயது பதின்மூன்று. வட இலங்கைச் சங்கீத சபையின் மிருதங்கப் பரீட்சைக்கு அவன் ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தான். பள்ளிக்கூட விடுமுறை தொடங்கியதும் காலைச் சாதகமும் தொடங்கியது. அச்சுக்கூடத்தாரின் உறக்கமும் போயிற்று. ஒரு கிழமைக்குள் வீட்டுக்காரர் வந்து, "மேளம் வேணுமோ, வீடு வேணுமோ, மாதக் கடைசிக்குள்ள சொல்லுங்கோ" என்று தீர்ப்புக் கூறிவிட்டார். பையனின் தாயார் என்னிடம் வந்து, "மாஸ்ரர், நீங்கள் ஒரு வழி சொல்லுங்கோ" என்று கண்கலங்கி நின்றார். வரலாறு படித்தவனிடம் வழி கேட்டால் அவன் வரலாற்றைத்தானே தேடுவான்?

இந்த வழக்கு மிகப் பழையது. கணிப்பொறியின் முன்னோடி என்று போற்றப்படும் சாள்ஸ் பாபேஜ் இலண்டன் மாநகரில் தெருவாத்தியக்காரரோடு நெடுங்காலம் போராடினார். தம் உழைப்பாற்றலில் நான்கிலொரு பங்கை அவர்கள் அழித்துவிட்டனர் என்று 1864இல் வெளிவந்த தம் வாழ்க்கை நூலில் கணக்கே எழுதிவைத்தார். அவ்வாண்டிலேயே, தெருவாத்தியக்காரரை அப்பாற் போகச் சொல்லும் உரிமையை இலண்டன் வீட்டுக்காரருக்கு வழங்கும் சட்டம் நிறைவேறிற்று. அடுத்த ஆண்டில், அதாவது 1865இல், இலங்கையிலே பொலிஸ் கட்டளைச் சட்டம் வந்தது. நகர எல்லைக்குள் உத்தரவுப் பத்திரமின்றி மேளம் கொட்டுதலையும், குதிரைகளை மிரளச் செய்யும் வாத்தியங்களையும், இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் ஓசையையும் அது தடுத்தது. ஒன்றிலிருந்து மற்றது பிறந்ததென்று நான் வாதிக்க வரவில்லை. ஆயினும் மனிதரின் உறக்கத்தோடு குதிரையின் மனநிலையையும் சேர்த்து எண்ணிய அச்சட்ட ஆசிரியரை நினைக்குந்தோறும் எனக்குச் சிறு நகை தோன்றும். எது எவ்வாறாயினும், இச்சட்டங்கள் தெருவைப் பார்த்து இயற்றப்பட்டவை. அரைச்சுவருக்கு இப்பாலும் அப்பாலும் வாழ்வோருக்கு அவற்றால் வந்த பயன் சிறிதே.

யாழ்ப்பாணத்தில் இணுவிலும் அளவெட்டியும் தவிற் கலைக்குப் பேர்போன ஊர்கள். தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) பிறந்தது இணுவிலில். அங்கே வீட்டைச் சுற்றி வளவு உண்டு; வளவைச் சுற்றி வேலி உண்டு; வேலிக்கப்பால் தோட்டம் உண்டு. விடியற்காலையில் அசுர சாதகம் செய்தாலும் ஓசை பரந்து கரைவதற்கு வெளி இருந்தது. நகரம் அந்த வெளியைப் பறித்துவிட்டது. மேளம் மாறவில்லை, வீடுதான் சுருங்கிற்று.

பையனின் தகப்பனார் முதலிற் செய்தது பலரும் செய்யும் பிழையே. அரைச்சுவரின் மேலே பழைய சேலைகளையும் போர்வைகளையும் தொங்கவிட்டார். துணியானது அறைக்குள் எழும் எதிரொலியைச் சற்றே தணிக்கும். அப்பாற் செல்லும் ஓசையை அது தடுக்கமாட்டாது. ஓசையைத் தடுப்பது கனமும் இடைவெளியின்மையுமே. பின்பு சுவருக்கும் கூரைக்கும் இடைப்பட்ட வெளியைத் தடித்த பலகைகளால் இறுக அடைத்தபோதுதான் குறைவு தெரிந்தது. அப்போதும் ஒன்று எஞ்சி நின்றது. வலந்தலையின் கூர்மையான ஒலி மங்கிற்று. தொப்பியின் 'தொம்' மட்டும் சுவரையும் தரையையும் ஊடுருவி வந்தது. தாழ்ந்த ஒலியின் இயல்பு அது. பையனைத் தும்பு மெத்தையின்மேல் இருத்தி, தொப்பியில் ரவைப் பசை இடாமலே வாசிக்கச் செய்தோம். பசையில்லாத தொப்பி கம்பீரம் இழந்து வறண்டு ஒலித்தது. "இது மிருதங்கமில்லை, பெட்டி" என்று பையன் முறையிட்டான். அவன் சொன்னது நியாயந்தான். அக்கரிய கரணையும் அப்பசையும் சேர்ந்தே தோலின் வெற்றோசையைச் சுருதியுள்ள நாதமாக்குகின்றன. கரணையிட்ட தோலின் மேற்சுருதிகள் இசைந்து நிற்பதைச் சேர் சி. வி. இராமன் 1920இலேயே ஆராய்ந்து எழுதியுள்ளார்.

முடிவைக் கொண்டுவந்தவர் பையனின் குருநாதர். நம் முன்னோர் வகுத்த பயிற்சி முறையில் கைக்கு முன்னே நாவு வருகின்றது என்பதை அவர் நினைவூட்டினார். தா, தி, தொம், நம் என்ற சொற்கட்டுக்களைக் கையிலே தாளமிட்டு வாயாற் சொல்லிப் பழகிய பின்பே தோலைத் தொடுவது மரபு. ஓசை அடக்கத்துக்காக ஏற்பட்ட முறையன்று அது. கணக்கு மனத்தில் ஊன்றுவதற்காக ஏற்பட்டது. ஆயினும் அதைவிட அமைதியான சாதகம் வேறில்லை. காலையில் முணுமுணுப்பாகச் சொற்கட்டு. மாலையில் அச்சுக்கூடத்தார் வேலைக்குப் புறப்பட்ட பின்பு, ஆறரை முதல் எட்டு மணிவரை பசையிட்ட முழு மிருதங்கம். இதுவே உடன்படிக்கை. வீட்டுக்காரரும் இணங்கினார். என் விடைத்தாள் திருத்தும் நேரமும் அந்த ஆறரை முதல் எட்டுவரைதான் என்பதை எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மேலைநாட்டாரும் இவ்வழியைத் தேடியே வந்திருக்கின்றனர். சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஆண்டுதோறும் நிகழும் திருவிழாவில் நகரமே முரசால் அதிரும். ஆனால் ஏனைய மாதங்களில் முரசுக்காரர் நிலவறைக் கூடங்களிலே, 'பொக்லி' எனப்படும் பயிற்சிப் பலகையைத் தட்டியே பழகுகின்றனர். இறப்பர்ப் பலகையில் கோல் துள்ளும், ஓசை சிறுக்கும். 1997இல் யப்பானின் றோலண்ட் நிறுவனம் வெளியிட்ட மின்முரசிலோ தோலுக்குப் பதிலாக வலை கட்டப்பட்டது. காற்று அதனூடே போய்விடுவதால் அடி மட்டுமே உண்டு. முழக்கம் வாசிப்பவன் செவிக்கருவிக்குள் அடங்கிவிடும். எனினும் விரல் நுனியாலும் உள்ளங்கையாலும் நாதம் எழுப்பும் மிருதங்கக்காரனுக்குக் கோலுக்கென்று சமைத்த பலகை எவ்வளவு தூரம் உதவும் என்பது ஐயமே.

பையன் அவ்வாண்டுப் பரீட்சையில் சித்தியடைந்தான். பெறுபேறு வந்த காலையில் அவன் தாயார் பொங்கிய சர்க்கரைப் பொங்கலை முதலில் அச்சுக்கூடத்தாரின் அறைக்குத்தான் அனுப்பினார். அவர் உறங்கிக்கொண்டிருந்தார். பையன் கதவைத் தட்டாமல், கிண்ணத்தை வாசற்படியில் வைத்து மூடிவிட்டுத் திரும்பினான்.