அருகு களையா, பயிரா? களைக்கொல்லி வந்த கதை

இந்த வாரக் கதை திருவேங்கடத்துல, எங்க வீட்டுப் பின்னால ஆரம்பிக்குது. அப்போ நாங்க இன்னும் திருநெல்வேலி மாவட்டம், தென்காசி பிரியலை. பின்னால நாலஞ்சு எலுமிச்சை மரம், வாசல்ல கொஞ்சம் அருகம்புல். ஐப்பசி மழை முடிஞ்சதும் பார்த்தீனியம் இடுப்பு உயரத்துக்கு நின்னுச்சு. அத்தை இருந்தவரை களைக்கொத்தியோட உட்கார்ந்து ஒரு வாரத்துல சுத்தம் பண்ணிடுவாங்க. நான் கடைக்குப் போய் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். "இலைக் களைக்கு அடிங்க, புல்லு சாகாது"ன்னார் கடைக்காரர். அடிச்சேன். அன்னைக்குக் காத்து.

பத்து நாள்ல பக்கத்துக் கரிசல்ல பெரியப்பாவோட பருத்தி வினோதமா மாறிச்சு. புதுக் கொழுந்தெல்லாம் அகலம் இல்லாம, விரல் விரலா நீண்டு வந்தது. பெரியப்பா வேலியோரம் நின்னு கேட்டார்: "ஏலே, நீ உன் வீட்டுக் களைக்கு அடிச்சியா, என் பருத்திக்கு அடிச்சியா?"

அந்தக் கேள்விக்காகத்தான் பாட்டிலில் இருந்த மருந்தின் வரலாற்றைத் தேடிப் போனேன். (மருந்துன்னுதான் நாம சொல்றோம், கவனிச்சீங்களா?) அதன் பெயர் டூ ஃபோர் டி.

செடிகளை வளர வைக்கும் ஆக்சின் என்னும் இயக்குநீரை 1930-களில் விஞ்ஞானிகள் அடையாளம் கண்டார்கள். அதைப் போலவே வேலை செய்யும் செயற்கைப் பொருட்களைத் தேடியபோது கிடைத்ததுதான் 2,4-டி. அதைத் தயாரிக்கும் முறையை 1941-ல் ராபர்ட் போகோர்னி வெளியிட்டார். அளவு கூடினால் அகன்ற இலைச் செடிகள் கட்டுப்பாடில்லாமல் வளர்ந்து, முறுக்கிக்கொண்டு சாகும். புல் இனம் பெரும்பாலும் தப்பிக்கும். போர்க்காலம் என்பதால் பல ஆய்வுகள் ரகசியமாகவே நடந்தன. 1944-ல் மார்த், மிட்செல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், புல்தரையில் முளைத்த டேண்டேலியன் களை மட்டும் சாக, புல் நிற்பதைக் காட்டினார்கள். அதாவது, இந்த மருந்து முதலில் பேர் வாங்கின இடங்கள்ல ஒண்ணு வீட்டுப் புல்தரை! 1945-லேயே கடைக்கு வந்துடுச்சு.

எங்க ஊர்ல இது தலைகீழ். பருத்திக்காட்டில் அருகு களை. வாசல்ல அதுதான் பயிர். பருத்தியோ அகன்ற இலைச் செடி. 2,4-டி-க்கு மிகவும் எளிதில் பாதிக்கப்படும் பயிர்களில் அது ஒன்று. காற்றில் வரும் சாரலே போதும். அமெரிக்கப் புல்தரைக்குப் பொருந்தின மருந்து கரிசல் வேலியோரத்துக்கு எப்படிப் பொருந்தும்?

வியட்நாமில் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சில் பாதி இதுதானேன்னு கேப்பீங்க. ஆமா. ஆனால் அதிலிருந்த டையாக்சின் நஞ்சு, மறுபாதியான 2,4,5-டி வழியாக வந்தது.

அடுத்தது கிளைபோசேட். அதன் களைக்கொல்லும் குணத்தை 1970-ல் மான்சாண்டோவின் ஜான் ஃபிரான்ஸ் கண்டறிந்தார். 1974-ல் ரவுண்டப் என விற்பனைக்கு வந்தது. செடிக்கு அவசியமான சில அமினோ அமிலங்கள் உருவாகும் பாதையை அது அடைக்கிறது. இதுக்குப் புல், இலைன்னு பேதமே கிடையாது. புல்தரையில் அடிச்சா புல்தரையே போச்சு. எலுமிச்சைத் தோட்டத்தில் வரிசைக்கு நடுவே அடிக்கலாமேன்னு தோணும். ஆனா இளங்கன்றின் பச்சைப் பட்டையில் பட்டால் அதுவும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இலங்கையில் சிறுநீரக நோய் அச்சத்தால் 2015-ல் கிளைபோசேட்டைத் தடை செய்தார்கள். 2018-ல் தேயிலை, ரப்பருக்கு மட்டும் தளர்த்தினார்கள். இந்தியாவில் இது பதிவு பெற்றதே தேயிலைக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான். 2022 அக்டோபரில், பூச்சிக்கட்டுப்பாட்டு இயக்குநர்கள் மட்டுமே தெளிக்கலாம் என மத்திய அரசு ஆணையிட்டது. நடைமுறை எப்படின்னு எந்த உரக்கடையில நின்னாலும் தெரியும்.

கடைக்காரர் என்கிட்ட எதைக் கொல்லணும்னு கேட்டார். எதெல்லாம் பிழைக்கணும்னு அவரும் கேக்கலை, நானும் சொல்லலை. எலுமிச்சை, முருங்கை, வேலிக்கு அந்தப்பக்கம் பருத்தி. எல்லாமே அகன்ற இலை.

பெரியப்பா பருத்தி பிறகு புதுக் கொழுந்து விட்டுத் தேறிச்சு, காய் மட்டும் பிந்தி வந்தது. இப்போ எலுமிச்சை மூட்டுல சருகு மூடாக்குப் போடறோம். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்னாடி கையுறை போட்டுப் பிடுங்கறோம். அந்த ஸ்பிரேயர் டேங்க்கில் சிவப்புப் பெயின்ட்டால "களைக்கு மட்டும்"னு எழுதி, தொழுவத்துல தொங்கவிட்டிருக்கேன். பெரியப்பா வரும்போதெல்லாம் அதை ஒரு பார்வை பார்ப்பார்.