நாட்பட்ட கல்லீரல் நோயும் வாய்நலமும்

நாட்பட்ட கல்லீரல் நோயில் வாய்நலம் என்பது, கல்லீரல் ஆறு மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்து பழுதடைந்துவரும் ஒருவரின் பற்கள், ஈறுகள், நாக்கு, உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஆகியவற்றில் தோன்றும் மாற்றங்களையும், அவருக்குப் பல் மருத்துவம் செய்யும்போது கைக்கொள்ள வேண்டிய முறைகளையும் பற்றியதாகும். கல்லீரல் அழற்சி பி, கல்லீரல் அழற்சி சி, நீண்டகால மதுப்பழக்கம், கொழுப்புக் கல்லீரல் ஆகியன இந்நோயின் முதன்மைக் காரணங்கள் ஆகும். இந்நோய் முற்றி, கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நிலை கல்லீரல் இழைநார் வளர்ச்சி அல்லது சிரோசிஸ் எனப்படுகின்றது.

கல்லீரல் கெட்டவருக்குப் பல் பிடுங்குதல் போன்ற சிறு மருத்துவமும் கடும் குருதிப்போக்கில் முடியக்கூடும். மறுபுறம், கவனிக்கப்படாத ஈறு நோய் கல்லீரல் நோயாளியின் உடல்நிலையை மேலும் கெடுக்கக்கூடும்.

கல்லீரலும் குருதி உறைதலும்

குருதி உறைவதற்குத் தேவையான காரணிகளில் பெரும்பாலானவை கல்லீரலிலேயே உருவாகின்றன. அவற்றுள் 2, 7, 9, 10 ஆகிய எண்களைக் கொண்ட காரணிகளுக்கு உயிர்ச்சத்து கே தேவை. பித்தநீர் குடலுக்குச் செல்வது தடைப்பட்டால், கொழுப்பில் கரையும் இந்த உயிர்ச்சத்தை உடலால் உறிஞ்ச இயலாது.

கல்லீரல் தழும்பேறும்போது அதனூடே குருதி எளிதில் பாய்வதில்லை. இதனால் மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட் எனப்படும் குருதிச் சிறுதட்டுகளைத் தன்னுள் தேக்கிக்கொள்கின்றது. நலமுள்ள ஒருவருக்கு ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் சுமார் 1.5 முதல் 4.5 இலட்சம் சிறுதட்டுகள் இருக்கும். இது 50,000-க்குக் கீழே இறங்கினால், பல் பிடுங்கும் முன் கல்லீரல் மருத்துவரைக் கலந்து முடிவெடுப்பது வழக்கம்.

கல்லீரல் நோயில் குருதி உறைதலைத் தூண்டும் பொருட்களும் தடுக்கும் பொருட்களும் ஒருங்கே குறைகின்றன. எனவே ஐஎன்ஆர் என்னும் ஆய்வு எண்ணை மட்டும் கொண்டு, ஒருவருக்கு எவ்வளவு குருதி வடியும் என்று சரியாகக் கணிக்க இயலாது.

வாயில் தோன்றும் அறிகுறிகள்

* நாக்கின் அடிப்புறத்திலும் மென் அண்ணத்திலும் மஞ்சள் நிறம் தோன்றுதல்.
* பல் துலக்கும்போதோ தானாகவோ ஈறுகளில் குருதி கசிதல். உட்கன்னத்தில் சிவந்த சிறு புள்ளிகள்.
* மூச்சில் இனிப்பு கலந்த ஒருவகை நாற்றம். கல்லீரல் நீக்கத் தவறிய டைமெத்தில் சல்ஃபைடு போன்ற கந்தகச் சேர்மங்கள் இதற்குக் காரணம்.
* வழுவழுப்பான, எரிச்சல் உள்ள நாக்கு, வாயோரப் புண். இவை பெரும்பாலும் ஊட்டச்சத்துக் குறைவால் வருபவை.
* காதின் முன்புறம் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் வலியின்றி வீங்குதல். மதுவால் கல்லீரல் கெட்டவர்களிடம் இது காணப்படுகின்றது.
* வாய் உலர்தல். வயிற்றில் தேங்கும் நீரை வெளியேற்றத் தரப்படும் சிறுநீர்ப்பெருக்கி மருந்துகளால் இது மிகும். உமிழ்நீர் குறைவதால் பற்சொத்தையும் பூஞ்சைத் தொற்றும் பெருகும்.
* கல்லீரல் அழற்சி சி உள்ள சிலருக்கு, உட்கன்னத்தில் வலைபோன்ற வெண்கோடுகளுடன் லைக்கன் பிளானஸ் என்னும் நோய் தோன்றும்.
* பிறவியிலேயே பித்தநாளம் அடைபட்ட குழந்தைகளுக்குப் பற்கள் பச்சை நிறத்தில் முளைத்தல்.

ஈறு நோயும் கல்லீரலும்

ஈறுகளில் வாழும் நுண்ணுயிரிகள் குருதியிலும், விழுங்கும் உமிழ்நீர் வழியே குடலிலும் சேர்கின்றன. சிரோசிஸ் நோயாளிகளின் குடலில் வாய்க்குரிய நுண்ணுயிரிகள் மிகுதியாகக் குடியேறியிருப்பதைச் சீன ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். 2018-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், சிரோசிஸ் நோயாளிகளுக்கு ஈறு நோயைக் குணப்படுத்தியபின் குருதியில் நுண்ணுயிர் நச்சு குறைந்ததும் சிந்தனைத் திறன் மேம்பட்டதும் கண்டறியப்பட்டன. ஈறு நோயைக் குணப்படுத்தினால் ஆயுள் நீளும் என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

மருந்துகள்

பல்வலி வந்தவுடன் மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கி விழுங்குவது நாட்டில் பரவலாக உள்ள பழக்கம். கல்லீரல் நோயாளிகளுக்கு இது பேராபத்தானது.

* ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின்: சிரோசிஸ் உள்ளவர்கள் இவற்றைத் தவிர்க்க வேண்டும். இவை இரைப்பையில் குருதிப்போக்கையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கக்கூடும்.
* பாரசிட்டமால்: கல்லீரல் நோயாளிகளுக்கு இது ஆகாது என்ற எண்ணம் தவறு. மருத்துவர் மேற்பார்வையில் நாளொன்றுக்கு 2 கிராமுக்கு மிகாமல் தரும்போது, வலிமாத்திரைகளுள் இதுவே ஏற்றதாகக் கருதப்படுகின்றது.
* மெட்ரோனிடசோல்: கல்லீரல் நோய் முற்றியவர்களுக்கு அளவைக் குறைத்துத் தர வேண்டும். இதை உட்கொள்ளும்போது மது அருந்தினால் வாந்தியும் படபடப்பும் ஏற்படக்கூடும்.
* லிடோகெயின்: மரத்துப்போகச் செய்யும் இம்மருந்து கல்லீரலில் சிதைக்கப்படுவதால் குறைந்த அளவே ஏற்றது.
* தூக்க மருந்துகள்: இவை நோயாளியை மயக்கநிலைக்கு இட்டுச் செல்லக்கூடும்.

பல் பிடுங்குதல்

முன்கூட்டியே குருதி ஆய்வு செய்து, ஒரு அமர்வில் ஓரிரு பற்களை மட்டும் பிடுங்குவது பாதுகாப்பானது. பல் குழியில் ஜெலட்டின் பஞ்சு வைத்துத் தையலிடுதல், டிரானெக்சாமிக் அமிலக் கரைசலில் நனைத்த துணியைக் கடிக்கச் செய்தல் ஆகியவை குருதியை நிறுத்த உதவும். காலையில் செய்தால், குருதி வடிந்தாலும் அன்றே மீண்டும் மருத்துவரைக் காண இயலும்.

கல்லீரல் மாற்று அறுவைக்கு முன் வாயிலுள்ள தொற்றுகளை நீக்குவது வழக்கம். அறுவைக்குப்பின் தரப்படும் சைக்ளோஸ்போரின் என்னும் மருந்து ஈறுகளைத் தடிக்கச் செய்யும்.

தொற்றுப் பரவல்

கல்லீரல் அழற்சி பி நச்சுயிரி உடலுக்கு வெளியே குறைந்தது ஏழு நாட்கள் உயிர்ப்புடன் இருக்கவல்லது. எனவே நுண்ணுயிர் நீக்கப்படாத பல் கருவிகள் மூலம் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது பரவக்கூடும். தகுதியற்றவர்களிடம் பல் பிடுங்கிக்கொள்வதைத் தவிர்க்க வேண்டியதற்கு இது ஒரு முதன்மைக் காரணமாகும். கல்லீரல் அழற்சி பி-க்குத் தடுப்பூசி உண்டு. சி-க்கு இல்லை, ஆயினும் அதனை மாத்திரைகளால் குணப்படுத்த இயலும். இந்திய அரசின் தேசிய நச்சுயிரிக் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 சூலை 28 அன்று தொடங்கப்பட்டது. இதன்கீழ் ஆய்வும் மருந்தும் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன.

புதுச்சேரி ஊரகப் பகுதிகள்

வில்லியனூர், பாகூர் ஆகியன புதுச்சேரி வட்டாரத்தின் கொம்யூன் பஞ்சாயத்துகளுள் இரண்டாகும். தமிழ்நாட்டில் சாராயம் தடைசெய்யப்பட்டுள்ளது. புதுச்சேரியிலோ சாராயக் கடைகளும் கள்ளுக்கடைகளும் அரசு உரிமம் பெற்று இயங்குகின்றன. சாராயம் வழங்கும் அரசு வடிசாலை வில்லியனூரை அடுத்த ஆரியபாளையத்தில் அமைந்துள்ளது. மதுவுடன் புகையிலையும் சேரும்போது ஈறு நோயும் வாய்ப்புற்று நோயும் வரும் வாய்ப்பு பன்மடங்காகின்றது.

இப்பகுதி மக்களுக்குப் பல் மருத்துவ வசதி தொலைவில் இல்லை. வில்லியனூர் பக்கம் அரியூரிலும், பாகூர் பக்கம் கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்திலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையும், மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலைக் கழகமும் உள்ளன. கல்லீரலுக்கு ஓரிடத்திலும் பல்லுக்கு வேறிடத்திலும் மருத்துவம் பெறுபவர்கள், தம் நோயேட்டையும் மருந்துச் சீட்டுகளையும் அண்மைய குருதி ஆய்வு முடிவையும் பல் மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது. மதுப்பழக்கத்தை மறைக்காமல் கூறுவதும் அவ்வாறே.

அன்றாடப் பேணல்

* மென்மையான தூரிகையால் நாளும் இருமுறை பல் துலக்குதல். செங்கல்தூள், சாம்பல், உமிக்கரி போன்றவை ஈறுகளைக் கீறும்.
* குருதி கசிகிறது என்பதற்காகப் பல் துலக்குவதை நிறுத்தாதிருத்தல். அழுக்கு சேரச்சேரக் கசிவு மிகும்.
* ஆல்ககால் கலவாத வாய் கொப்பளிப்பு நீரைப் பயன்படுத்துதல்.
* வலி இல்லாவிடினும் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பல் மருத்துவரைக் காணுதல்.
* பல் பிடுங்கிய இடத்தில் அரைமணி நேரம் துணியை அழுத்திக் கடித்தும் குருதி நிற்காவிடில் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல்.

இவற்றையும் பார்க்க

* கல்லீரல்
* மஞ்சள் காமாலை
* ஈறு நோய்
* குருதி உறைதல்